ஒரே கேள்வி, இரண்டு பூட்டு

போன செவ்வாய்க்கிழமை ஆபீஸில் நான் கத்திவிட்டேன்.

எனக்கே ஆச்சரியம்தான். இந்தப் பத்தியை ரெகுலராகப் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். ஹோட்டல் சாம்பாரில் கரப்பான் மிதந்தால்கூட சப்ளையரைத் தனியாகக் கூப்பிட்டு, காதோடு காதாகச் சொல்லிவிட்டு வருகிற ஆள். அப்படிப்பட்டவன், ஏசி ரூமில், பத்துப் பேர் முன்னால், டை கட்டிய ஒரு கன்சல்டன்ட்டைப் பார்த்துக் குரலை உயர்த்திவிட்டேன்.

அவர் செய்த குற்றம்? எங்கள் கம்ப்யூட்டர்களைச் சோதிக்க வந்தவர், திரையில் வந்த ஒரு வரியைக் காட்டிச் சிரித்தார். "யார் சார் இது, கட்டுரை எழுதி வச்சிருக்கறது? உலகம் பூரா 'பாஸ்வேர்ட்'னு ஒரே வார்த்தைதான். எடுத்துடுங்க."

அந்த 'கட்டுரை' இதுதான்: இப்போது கேட்பது உங்கள் கார்டு. கார்டின் ஆறு இலக்க நம்பரை அடிக்கவும். சர்வரின் பாஸ்வேர்டை இங்கே அடிக்க வேண்டாம். இன்னும் மூன்று வாய்ப்புகள் உள்ளன.

இங்கிலீஷில் இருக்கும். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

"அதுல ஒரு எழுத்தைத் தொட்டீங்க... நடக்கறது வேற!" என்றேன். கன்சல்டன்ட் டையைச் சரிசெய்துகொண்டார். அரை மணி நேரம் கழித்துப் போய் ஸாரி சொன்னேன், காபி வாங்கிக் கொடுத்தேன். காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் கம்ப்யூட்டர் பாடம். பயப்படாதீர்கள், பரீட்சை எல்லாம் கிடையாது.

எங்கள் கம்பெனி சென்னையில். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் நோயாளி விவரங்களைப் பத்திரமாக வைத்துக்கொள்கிற வேலை. அந்த விவரங்கள் இருக்கும் பெரிய கம்ப்யூட்டர்களுக்கு சர்வர் என்று பேர். அதற்குள் நுழைய மௌஸ், படம், கலர் எதுவும் கிடையாது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. கமாண்டுகளை நாமே கையால் அடிக்க வேண்டும்.

வருகிறவர் நம் ஆள்தானா என்று பார்க்க இரண்டு பூட்டு. ஒன்று ஸ்மார்ட் கார்டு. ஏடிஎம் கார்டு சைஸில், தங்க நிறச் சிப்போடு இருக்கும். அதை ஒரு சின்ன ரீடரில் செருகி, கார்டின் ஆறு இலக்க நம்பரை அடிக்க வேண்டும். இன்னொன்று, சர்வரின் பாஸ்வேர்ட். காலையில் ஒரு தடவை கார்டைத் திறந்துவிட்டால் போதும். அதை உருவாத வரைக்கும், ரீடருக்குக் கரன்ட் போகாத வரைக்கும், கார்டு திறந்தே இருக்கும். அப்புறம் நாள் முழுக்க எத்தனை தடவை உள்ளே போனாலும் சர்வர் பாஸ்வேர்டை மட்டும்தான் கேட்கும்.

கார்டுக்குத் தப்பான நம்பரை மூன்று தடவை கொடுத்தால் அது தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். பிறகு கார்டுக்கு உரியவர் நேரில் ஆபீஸுக்கு வந்துதான் திறக்க வேண்டும். ஃபோனில் ஆகாது, இன்னொருவரிடம் கொடுத்து அனுப்பினாலும் ஆகாது. சர்வரும் மூன்று தப்புக்குப் பூட்டிக்கொள்ளும், ஆனால் அதை ஃபோனிலேயே சொல்லித் திறந்துவிடலாம்.

இந்த இரண்டு பூட்டையும் சேர்த்து வேலை வாங்கும் ப்ரோகிராமை எழுதியவன் நான்தான். ஒரு வாரத்தில், அவசர அவசரமாக. கார்டு கேட்டாலும் 'பாஸ்வேர்ட்:' என்று வரும். சர்வர் கேட்டாலும் 'பாஸ்வேர்ட்:' என்று வரும். அதே எழுத்து, அதே இடம். தப்பாக அடித்தால் 'தவறு' என்று ஒரு வார்த்தை. யார் சொல்கிறார்கள் தவறு என்று... கார்டா, சர்வரா? அதெல்லாம் சொல்லாது.

ஏதோ ஒரு ஆபீஸ் கவுன்ட்டரில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "சர்டிஃபிகேட்" என்று கையை நீட்டுகிறார். எந்த சர்டிஃபிகேட்? ஜாதியா, வருமானமா, இருப்பிடமா? நீங்கள் ஒன்றை நீட்டுகிறீர்கள். "இது இல்ல." மறுபடியும் கை நீளுகிறது, மறுபடியும் "சர்டிஃபிகேட்". மூன்றாவது தடவை கவுன்ட்டரைச் சாத்திவிடுகிறார். நமக்குக் கோபம் வருமா, வராதா? அந்தக் கவுன்ட்டர் ஆசாமி வேலையைத்தான் நான் ப்ரோகிராமாக எழுதி வைத்திருந்தேன்.

ஆனால் எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. முதலில் கார்டு, அப்புறம் சர்வர், இதுகூடவா தெரியாது? எழுதினவனுக்குத் தெரியும். எழுதினவனுக்கு எல்லாமே தெரியும்! அந்த ப்ரோகிராமுக்காக எனக்கு ஆண்டு விழாவில் ஒரு கேடயம் வேறு கொடுத்தார்கள்.

இனி மல்லிகா.

மல்லிகா எங்கள் கம்பெனியில் சர்வர் ஆபரேட்டர். களம்பூர்க்காரி. நான் ஆரணி, பட்டுத்தறிக் குடும்பம். சனிக்கிழமை சாயங்காலம் ஆரணி பஸ்ஸில் ஏறுகிறவர்கள் எங்கள் ஆபீஸில் நாங்கள் இரண்டு பேர்தான். அப்படித்தான் பழக்கம்.

அவளுடைய அம்மா அஞ்சலை, களம்பூர் ரைஸ் மில்லில் கூலி வேலை பார்த்தவர். அவித்த நெல்லைக் களத்தில் கொட்டிப் பரப்பி, வெயிலில் காலாலேயே துழாவித் துழாவிக் காயவைக்கிற வேலை. அந்தச் சுடு களத்தில் நடந்து நடந்தே மகளை எம்.சி.ஏ. வரைக்கும் படிக்கவைத்தார். மல்லிகாவின் அப்பா அவள் சின்னக் குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டார். கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை.

அஞ்சலை அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு மட்டும் குழறலாக மிச்சம் இருந்தது. இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மல்லிகா என் மேஜை முன்னால் வந்து நின்றாள். அழவில்லை. ஆனால் நின்ற நிற்பிலேயே தெரிந்தது.

"சார், சென்னைக்குக் கூட்டியாந்தா அவங்க தாங்க மாட்டாங்க. எங்க ஜனம் வந்து பாத்துகினு போனாத்தான் அவங்களுக்கு உசுரு. என்னால வேலையையும் வுட முடியாது. மருந்துக்கு யாரு இருக்காங்க? நீங்கதான் ஏதாவது வழி சொல்லணும் சார்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "எங்கம்மாவுக்கு நான் ஒருத்திதான் சார். கடைசில பால் ஊத்த ஒரு கை வேணும்ல?"

எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். உயிர் பிரிகிற நேரத்தில் பெற்ற பிள்ளை கையால் வாயில் இரண்டு சொட்டுப் பால் விழ வேண்டும். அந்த இரண்டு சொட்டுக்காகத் துபாயிலிருந்து ஃப்ளைட் பிடித்து ஓடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். அது கிடைக்காமல் போனால், ஆயுசுக்கும் சொல்லிச் சொல்லி அழுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஜி.எம்.மிடம் போய்ச் சண்டை போட்டேன். கார்டு இருக்கிறது, லேப்டாப் இருக்கிறது, ஆரணியில் ப்ராட்பேண்ட் வந்துவிட்டது... வீட்டிலிருந்தே வேலை செய்தால் என்ன? வீட்டிலிருந்து வேலை என்பதே எங்கள் ஆபீஸுக்குப் புதுசு. அரை மனதாக ஒத்துக்கொண்டார். ஒரு நிபந்தனை: தொடர்ந்து இரண்டு ஷிஃப்ட் லைனில் வராவிட்டால் அனுமதி ரத்து, உடனே சென்னைக்குத் திரும்பிவிட வேண்டும். அந்த நிபந்தனையை டைப் செய்தவனும் நான்தான். பெருமையாக இருந்தது, ஏதோ பெரிய காரியம் சாதித்த மாதிரி.

களம்பூரில் அவர்கள் தெருவுக்கு ப்ராட்பேண்ட் வரவில்லை. அதனால் ஆரணியில், தறிக்காரர்கள் தெருவில், கஸ்தூரி அக்கா வீட்டில் ஒரு ரூம் பார்த்துக் கொடுத்தேன். கஸ்தூரி அக்கா எங்களுக்குத் தூரத்து உறவு. கீழே இரண்டு பவர்லூம், பக்கத்தில் ஒரு ரூம். களம்பூரிலிருந்து உறவு ஜனம் அரை மணியில் வந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே போய் எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்தேன். லேப்டாப்புக்கு பேட்டரி உண்டு. மோடத்தை யு.பி.எஸ்.ஸில் போட்டேன். ரீடருக்குக் கரன்ட் பத்தவில்லை என்று தனியாக ஒரு அடாப்டர் வைத்துச் சுவர் ப்ளக்கில் மாட்டினேன். யு.பி.எஸ்.ஸில் இடம் இல்லை. 'இது போதும்' என்று விட்டுவிட்டேன்.

அஞ்சலை அம்மா கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். இடது கால் மரம் மாதிரி கிடந்தது. வலது கால் மட்டும் பாயில் மெதுவாக இப்படியும் அப்படியும் போய் வந்துகொண்டிருந்தது. நெல் துழாவிய பழக்கம் என்று மல்லிகா சொன்னாள். தூக்கத்தில்கூட நிற்காதாம்.

மல்லிகா கார்டைச் செருகி அடித்தாள். பாஸ்வேர்ட் அடிக்கும்போது திரையில் எதுவும் தெரியாது, புள்ளிகூட வராது. யாரும் எட்டிப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக.

அம்மா கேட்டார்: "இன்னாடி, நீ பாட்டுக்கு அடிச்சிகினு இருக்க... ஒண்ணும் வரலியே?"

"அது அப்படித்தாம்மா. மறைச்சி வச்சிக்கும்."

"இன்னா கேக்குது?"

"பாஸ்வேர்டு கேக்குது."

மறுபடியும் அடித்தாள். "இப்ப இன்னா கேக்குது?"

"பாஸ்வேர்டுதாம்மா."

"இப்பதானே சொன்ன? மொத தரம் சொன்னத நம்பலியா அது?"

நான் சிரித்துவிட்டேன். கஸ்தூரி அக்காவும் வாசற்படியில் நின்று சிரித்தார். படிக்கத் தெரியாத ஒரு அம்மா, கட்டிலில் படுத்துக்கொண்டே, ஐந்து நிமிஷத்தில் என் ப்ரோகிராமின் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார். எனக்கு அது ஜோக்காகத் தெரிந்தது!

மல்லிகாவுக்குத் தெரியவில்லை. வாசல் வரைக்கும் கூட வந்து, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"சார், அம்மா சொல்றதும் சரிதானே? ரெண்டும் ஒரே மாதிரி கேக்குது. ஒண்ணுல கார்டுன்னும், இன்னொண்ணுல சர்வர்னும் போடச் சொன்னா நல்லா இருக்கும். தடுமாறிடப் போறேன்னு பயமா இருக்கு."

இங்கேதான் நான் என் யோக்கியதையைச் சொல்ல வேண்டும்.

அதை மாற்ற எத்தனை நேரம் ஆகும்? இரண்டு வரி, ஐந்து நிமிஷம். ஆனால் மாற்றினால் திரும்பச் சோதிக்க வேண்டும், ஃபாரம் எழுத வேண்டும், கேடயம் வாங்கிய ப்ரோகிராமில் கோளாறு என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சோம்பேறித்தனம் பாதி, கௌரவம் மீதி. வாய் தானாகச் சொல்லிவிட்டது:

"அது வெளியில வாங்கின ப்ரோகிராம்மா. நாம கை வைக்க முடியாது. மேல சொல்லிப் பாக்கறேன்."

யாரோ எழுதினது. என் பெயரே இல்லை. அவள் நம்பினாள். "பரவால்லிங்க சார், நான் ஜாக்கிரதையா இருந்துக்கறேன்" என்றாள். நான் பஸ் ஏறி ஜன்னல் சீட்டில் நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.

மூன்று மாதம் ஒரு பிரச்சினையும் இல்லை. கரன்ட் கட் காலம்தான். ஆனால் சொல்லிவிட்டுப் போகிற கரன்ட்டால் என்ன தொந்தரவு? நேரம் வந்ததும் மல்லிகா கார்டை உருவிவிடுவாள். தெருவில் தறிகள் எல்லாம் நின்று, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் சத்தம் கேட்டால் கார்டைச் செருகி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். கார்டு, சர்வர். வரிசை மாறாது. நடுவில் அம்மாவுக்குக் கஞ்சி, மருந்து, புரட்டிப் படுக்கவைப்பது. அம்மா வேறு யார் ஊட்டினாலும் வாயைத் திறக்க மாட்டார். கஸ்தூரி அக்கா பலமுறை முயற்சி செய்து தோற்றுவிட்டார்.

சொல்லாமல் கண்ணடிக்கிற கரன்ட் ஒன்று இருக்கிறதே... அதை நான் யோசிக்கவே இல்லை.

ஒரு புதன்கிழமை காலை. மல்லிகா அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். கரன்ட் ஒரு நொடி போய் வந்தது. பக்கத்தில் தறி ஒரு தடவை திணறிவிட்டு மறுபடி ஓடியது. லேப்டாப் அணையவில்லை, மோடம் அணையவில்லை. ரீடர் மட்டும் ஒரு நொடி செத்துப் பிழைத்தது. காலையில் திறந்த கார்டு மூடிக்கொண்டது, இனி மறுபடியும் நம்பர் கேட்கும்.

கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். 'பாஸ்வேர்ட்:' என்று கேட்டது. காலையிலிருந்து அந்த இடத்தில் சர்வர்தான் கேட்டுக்கொண்டிருந்தது. சர்வர் பாஸ்வேர்டை அடித்தாள். தவறு. கையில் ஈரம் இருந்ததால் எழுத்து வழுக்கியிருக்கும் என்று நினைத்து முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடி அடித்தாள். தவறு.

எனக்கு ஃபோன் செய்தாள்.

நான் கேன்டீனில் இருந்தேன். யாருக்கோ பிறந்த நாள், கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு காதை விரலால் பொத்திக்கொண்டு பேசினேன்.

"சார், ரெண்டு தரம் தப்புன்னு சொல்லிடுச்சி சார். இன்னும் ஒரு தரம்தான் இருக்கு. பயமா இருக்கு, அடிக்கட்டுமா வேணாமா?"

"காலைல இருந்து வேலை செஞ்சிட்டிருந்ததா?"

"செஞ்சிகினுதான் இருந்தது சார்."

"அப்ப பாஸ்வேர்ட் அதேதான். கேப்ஸ் லாக் பாரு. பதறாத. ஒவ்வொரு எழுத்தா, மெதுவா அடி."

என்னைக் கேட்டாளே... அந்த ப்ரோகிராமை எழுதினவனையே கேட்டாள்! யார் கேட்கிறார்கள் என்று எனக்கே தெரியவில்லை. எனக்கே தெரியாத மாதிரிதான் எழுதி வைத்திருந்தேன்.

ஃபோனில் கீபோர்டு சத்தம் கேட்டது. டக்... டக்... ஒவ்வொன்றாக, சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி அடித்தாள். பிறகு சத்தம் இல்லை.

"சார்... கார்டு பூட்டிகிச்சி சார்."

அந்த நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. கேட்டது கார்டு. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பதில் சொன்னது சர்வருக்கு. பேப்பர் தட்டில் கேக் உருகிக்கொண்டிருந்தது. புரிந்ததை அவளிடம் சொல்லவில்லை.

"சனிக்கிழமை நீங்க ஊருக்கு வரும்போது ஏதாவது பண்ண முடியுமா சார்?" என்று கேட்டாள்.

முடியாது. கார்டைத் திறக்கிற மெஷின் ஆபீஸை விட்டு வெளியே போகக் கூடாது. இரண்டு ஷிஃப்ட் போனால் அனுமதியும் போய்விடும். லீவு? அம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோதே எல்லாம் தீர்ந்திருந்தது.

"நாளைக்குக் காலைல கிளம்பி வந்துடும்மா. பத்து நிமிஷ வேலை. சாயங்காலத்துக்குள்ள வீட்டுக்குப் போய் லைன்ல வந்துட்டா நாளைக்கு ஷிஃப்ட் கணக்காயிடும்" என்றேன். வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று இப்போது நூறு யோசனை வருகிறது. ஜி.எம். காலில் விழுந்திருக்கலாம். 'தப்பு ப்ரோகிராமில், என் மேல் ஆக்ஷன் எடுங்கள், ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதிக் கொடுத்திருக்கலாம். எழுதவில்லை.

வியாழக்கிழமை முதல் பஸ் பிடித்து, ஒன்பதரைக்கெல்லாம் ஆபீஸில் இருந்தாள். அம்மாவுக்கு விடியற்காலையே கஞ்சி ஊட்டிவிட்டுக் கஸ்தூரி அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தாள். கார்டைத் திறக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. "டிபன் சாப்பிட்டுட்டுப் போம்மா" என்றேன். "வேணாங்க சார், பத்தேகால் பஸ்ஸ வுட்டா பேஜாராயிடும்" என்று ஓடினாள்.

இதற்கு அப்புறம் நடந்ததை எனக்குச் சொன்னது கஸ்தூரி அக்கா.

பதினொன்றரை மணி இருக்கும். அஞ்சலை அம்மாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. டாக்டர் வந்து நாடி பார்த்துவிட்டு, மகளைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கஸ்தூரி அக்கா தறியை நிறுத்திவிட்டு ஃபோன் போட்டார். "மல்லிகா, ஜல்தி வந்துடு கண்ணு. எங்க வந்துகினு இருக்க?"

அவள் காஞ்சிபுரத்தைக்கூடத் தாண்டவில்லை. பஸ் ட்ராஃபிக்கில் நின்றிருந்தது.

ஆரணிக்கு இன்னும் இரண்டு மணி நேரம். கஸ்தூரி அக்கா ஃபோனை அஞ்சலை அம்மாவின் காதில் வைத்தார்.

"அம்மா... நான்தாம்மா. வந்துகினே இருக்கேன்மா. கொஞ்சம் பொறுத்துக்கோம்மா. வந்துட்டேன்மா..." பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்க, ஃபோனில் கத்திக்கொண்டே வந்திருக்கிறாள். கண்டக்டர் டிரைவரிடம் போய் ஏதோ சொன்னாராம். டிரைவரும் பாவம், எவ்வளவுதான் ஓட்டுவார்?

"உன் குரல கேட்டு, நெல்லு துழாவற அந்தக் கால் அசைஞ்சிது கண்ணு" என்று கஸ்தூரி அக்கா பிறகு அவளிடம் சொன்னார். அது நிஜமா, ஆறுதலுக்குச் சொன்னதா... நான் கேட்கவில்லை.

"நான் எவ்ளோ நேரம் பாத்துகினு இருப்பேன், சொல்லு?" என்று என்னிடம் அழுதார் அக்கா. "வாய் காஞ்சி பூடுச்சி. மக வருவா, மக வருவான்னு சொல்லிகினே இருந்தேன். கண்ணு வாசலையே பாக்குது. கடைசில நான்தான் ஊத்தனேன். பெத்த பொண்ணு இருக்கும்போது நான் ஊத்தறேனேன்னு..."

அதுநாள் வரைக்கும் அக்கா கையால் ஒரு வாய்க் கஞ்சி வாங்காதவர். பாலை வாங்கிக்கொண்டார். ஒரு சொட்டு உள்ளே போனது. அடுத்தது கடைவாயில் வழிந்துவிட்டது.

மல்லிகா வந்தபோது இரண்டு மணி. கைப்பையில் திறந்த கார்டு பத்திரமாக இருந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் களம்பூர் போனேன். சொல்லிவிட வேண்டும் என்ற முடிவோடுதான் போனேன். பஸ்ஸில் வார்த்தை வார்த்தையாக ஒத்திகை பார்த்துக்கொண்டேன். 'மல்லிகா, என்னை மன்னிச்சிடு, தப்பு உன் மேல இல்ல, அந்த ப்ரோகிராம்...' அங்கே பந்தலில் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்:

"என் மேலதான் சார் தப்பு. தறி நின்னு ஓடிச்சில்ல, அத நான் உங்ககிட்ட சொல்லவே இல்ல. சொல்லியிருந்தா நீங்க கண்டுபுடிச்சிருப்பீங்க. பதட்டத்துல சொல்லாம வுட்டுட்டேன். எங்கம்மாவ நானே அனாதையா அனுப்பிட்டேன் சார்."

என் அம்மா சாவுக்குக்கூட நான் அப்படி அழுததில்லை. அவள் என்னைச் சமாதானப்படுத்தினாள், பாருங்கள்! உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, இலை போட்டுச் சாப்பிடவைத்து அனுப்பினாள். ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தைகூட நான் சொல்லவில்லை.

சென்னை வந்ததும் அந்த வரியை மாற்றினேன். ஐந்து நிமிஷம் என்று சொன்னேனே, நான்கு நிமிஷம்தான் ஆனது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் செய்தேன். கேட்கிறது யார், எதைக் கேட்கிறது, எதைக் கொடுக்கக் கூடாது, இன்னும் எத்தனை வாய்ப்பு... எல்லாவற்றையும் எழுதினேன். ரீடருக்கு ஒரு நொடி கரன்ட் போனாலும் அதையும் சொல்லும்படி செய்தேன்.

அனுமதிக்கு இனிமேல் அவசியம் இல்லை என்று மல்லிகா சென்னைக்கே திரும்பிவிட்டாள். முதல் நாள் கார்டைச் செருகியவள், திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு என் மேஜைக்கு வந்தாள்.

"மாத்திட்டாங்களா சார்? நீங்க மேல சொல்லி மாத்த வச்சீங்களா? ரொம்ப தேங்க்ஸ் சார். இனிமே யாருக்கும் அப்படி ஆவாது."

தேங்க்ஸ்! நான் தலையை ஆட்டினேன். வேறு ஒன்றும் செய்யவில்லை.

ஆகிவிட்டது ஒரு வருஷத்துக்கு மேல். கம்ப்யூட்டர் ப்ரோகிராம் எழுதுகிறவர்கள், ஃபாரம் அடிக்கிறவர்கள், கவுன்ட்டரில் உட்காருகிறவர்கள் எல்லோருக்கும் சொல்ல எனக்கு ஒரே ஒரு விஷயம் இருக்கிறது. நாம் ஒரு கேள்வியை எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். அந்தக் கேள்விக்கு முன்னால் யாரோ ஒருவர், ஈரக் கையோடு, கட்டிலில் அம்மாவைப் படுக்கவைத்துவிட்டு வந்து உட்காருகிறார். பதில் சொல்லத் தெரியாமல் போனால் 'நான்தான் முட்டாள்' என்று நினைத்துக்கொள்கிறார். ஒருத்தர்கூட 'கேட்டவன் சரியாகக் கேட்டானா?' என்று திருப்பிக் கேட்பதில்லை. ஏன் கேட்பதில்லை? கேட்டவன் யார் என்றே அவர்களுக்குத் தெரியாதே.

மல்லிகா இப்போதும் சனிக்கிழமை பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் வருகிறாள். சில சமயம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "தறி நின்னதை மட்டும் சொல்லியிருந்தா..." என்று ஆரம்பிப்பாள். நான் "விடும்மா" என்பேன். அப்படிப் பெரிய மனுஷன் மாதிரி ஆறுதல் சொல்லிக்கொண்டு வருகிறவனுக்கு, ஒரு வார்த்தை சொன்னால் அவள் பாரம் இறங்கிவிடும் என்று தெரியும். தெரிந்தே இத்தனை நாள் சுமக்க விட்டேன்.

பஸ்ஸில் படிப்பதற்கு ஸ்டாண்டில் இந்தப் பத்திரிகையைத்தான் வாங்குவாள். முதலில் இந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவாள். ஒரு வாரம் தவறியதில்லை. நேரில் சொல்ல வக்கில்லாதவன், எழுத்திலாவது சொல்லிவிடுகிறேன்.

மல்லிகா, அது வெளியில் வாங்கின ப்ரோகிராம் இல்லை. நான் எழுதினது.